ஹைனாத் தீவின் சுடுமண் பாவைகள்: அணிகலன்வழி அடையாளம்

முன்னுரை

கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்கு முற்பட்ட அமெரிக்கப் பண்பாடுகள் பலவற்றில் சுடுமண் பாவைகள் கிடைக்கின்றன. அவற்றுள் மாயா பண்பாட்டைச் சார்ந்த ஹைனாத் தீவின் பாவைகள் அணிகல நுட்பத்தால் தனித்துச் சுட்டப்படுவன. மெக்சிகோவின் கம்பேச்சே கடற்கரையை ஒட்டியுள்ள இச்சிறு தீவின் கல்லறைகளில், ஏறத்தாழ கி.பி. 600 முதல் 900 வரையிலான காலத்துப் பாவைகள் இறந்தோருடன் புதைக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டன. இவற்றின் அணிகள் அழகுக் கூறுகள் மட்டுமா, ஆளை அடையாளப்படுத்தும் குறிகளா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆக்கமுறை

பாவைகளுள் சில முழுவதும் கையால் வனையப்பட்டவை; சில அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டவை. அச்சில் எடுத்த முகத்தைக் கையால் வனைந்த உடலுடன் இணைத்தலும் உண்டு. உள்ளீடற்ற பாவைகள் பல ஊதல்களாகவோ கிலுகிலுப்பைகளாகவோ அமைந்துள்ளன. காதணி, மணிமாலை, தலையணி ஆகியன தனித்தனிக் களிமண் துண்டுகளாக ஒட்டப்பட்டன. சுட்ட பின்னர் வண்ணம் தீட்டப்பட்டது. அவுரிச் சாயத்தையும் பாலிகோர்ஸ்கைட் என்னும் களிமண் கனிமத்தையும் சேர்த்துச் செய்த ‘மாயா நீலம்’ அவ்வண்ணங்களுள் குறிப்பிடத்தக்கது.

அணியும் அணியின்மையும்

ஒரே அச்சிலிருந்து பல முகங்கள் பிறக்கும். ஆகவே, அச்சுப் பாவைகளை இறந்தவரின் உருவப்படங்கள் எனக் கொள்வதற்கில்லை. முகம் பொதுவாக அமைய, ஒருவரின் நிலையை உணர்த்துவன அவர் பூண்ட அணிகளே. பெரிய வட்டக் காதணியும் மணிமாலையும் உயர்குடியைக் காட்டுகின்றன. தடித்த இடைக்கச்சு பந்தாட்ட வீரரைக் காட்டுகிறது. நெற்றியிலிருந்து மூக்குத்தண்டின்மேல் நீட்டப்பட்ட ஒட்டுப்பகுதி, முகத்தின் தழும்புக்கோலம் ஆகியன உடலையே அணியாக்கிய வழக்கத்திற்குச் சான்றாகின்றன.

இதன் மறுதலையும் கருதத்தக்கது. மாயா கலையில் சிறைப்பட்டோர் கயிற்றால் பிணிக்கப்பட்டு, அணிகள் களையப்பட்டவராகக் காட்டப்படுகின்றனர். காதணி இருக்கவேண்டிய இடத்தில் துணியோ தாளோ தொங்குவதுண்டு. அணி களையப்படுதல் மதிப்பிழப்பின் குறியாகிறது என்பதால், அணியின்மையும் பொருள் தருவதாகிறது.

ஆடைச் சான்று

ஈரப்பதம் மிகுந்த மாயா நிலத்தில் பழந்துணிகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றில் கிடைத்த கரிந்த துணித்துண்டுகள் போன்றவை அரிய விதிவிலக்குகள். எனவே, பாவைகளில் காணப்படும் மேலாடையின் வடிவமும் கரைக்கோலமும் ஆடை வரலாற்றுக்கு இன்றியமையாதன. தறியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டி நெய்யும் பெண்ணின் பாவை, ஆடையோடு அதனை ஆக்கிய தொழிலையும் பதிவுசெய்துள்ளது.

சூழல் இழப்பு

இத்தகைய வாசிப்புக்குக் கல்லறைச் சூழல் அடிப்படையாகும். ஆயின், அருங்காட்சியகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் உள்ள பாவைகள் பல கொள்ளையர்களால் தோண்டி விற்கப்பட்டவை. யாருடைய கல்லறையில், எப்பொருள்களுடன் இருந்தது என்பது அறியப்படாதபோது, அணி உணர்த்தும் நிலை புதைக்கப்பட்டவருக்குரியதா, தெய்வத்திற்குரியதா எனத் துணிய இயலாது. விற்பனைக்காக ஒட்டிச் சீரமைத்த பாவைகளில் அணியின் தொன்மையே ஐயத்திற்குரியதாகிறது. தொல்பொருள்களைப் பாதுகாக்க மெக்சிகோ 1972இல் இயற்றிய சட்டம் எஞ்சியவற்றைக் காக்கலாம். சிதைந்த சூழலை மீட்டுத் தராது.

முடிவுரை

ஹைனாப் பாவைகளில் அணி சமூக நிலையை உணர்த்தும் குறியாக அமைகிறது. அதன் இன்மையும் அவ்வாறே பொருள்படுகிறது. ஆயினும் அக்குறி யாருக்குரியது என்பதைக் கல்லறைச் சூழலே உறுதிசெய்யும். ஆதலின், அகழ்விடம் அறியப்பட்ட பாவைகளை முதற்சான்றாகவும் ஏனையவற்றைத் துணைச்சான்றாகவும் கொள்வதே ஏற்புடைய ஆய்வுமுறையாகும்.