விரைவுக் காந்தப் படத்தில் முதற் சமிக்ஞைகளை நீக்குவது ஏன்?

குடிபாலாப் பக்கத்துக் கிணறு ஒன்றில் இடைவிடாது நீர் இறைப்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் நீர்மட்டம் விரைந்து தாழும். ஊறும் அளவும் இறைக்கும் அளவும் ஒத்தபின் ஓரிடத்தில் நிலைக்கும்.

உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் நிலையும் இத்தகையதே. வலிய காந்தப்புலத்தில் அவை பெறும் காந்தத்தன்மையை ஒவ்வொரு ரேடியோத் துடிப்பும் ஓரளவு குறைக்கிறது. இடைநேரத்தில் அது மீள்கிறது. 1.5 டெஸ்லாப் புலத்தில் முழுதும் மீளக் கொழுப்புக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேலும், மூளையைச் சூழ்ந்த நீருக்கு ஏறத்தாழ 20 வினாடியும் வேண்டும். விரைவு முறையிலோ 10 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு செலுத்தப்படலாம்! ஆகவே இழப்பும் மீட்சியும் சமப்படும்வரை, பெரும்பாலும் சில பத்துத் துடிப்புகளுக்கு, எதனையும் பதிவு செய்யார். கருவி ஒலித்தும் படம் தோன்றாத அச்சிறு நேரம் வீணன்று. அச்சமிக்ஞைகளையும் சேர்த்தால் பொய்யான ஒளிவேறுபாடு தோன்றி, நோய்க்குறியைப் பிரித்தறிவது கடினமாகும்.

ஓடும் திரவத்தின் நிலை வேறு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், குழாயில் ஓடும் திரவம் நிற்கும் திரவத்தினும் வலிய சமிக்ஞை தருவதை 1951-இல் காட்டினார். காந்தத்தன்மை குன்றாத புதிய அணுக்கருக்கள் வந்துகொண்டே இருப்பதே காரணம். மூளையின் இரத்தக் குழாய்களைச் சாயம் செலுத்தாமலே இன்று படமெடுக்க இயல்வதும் இதனாலேயே.