வண்டியின் முகப்பு விளக்குகள் துடிப்பதேன்?

நூற்கட்டுகளையும் நெய்த துணிகளையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிச் செல்ல வேன் வைத்துள்ள சங்கங்கள் பல. அங்கத்தினருள் சிலர் சொந்தக் காரும் வைத்துள்ளனர். இரவில் ஓட்டும்போது, ஓட்டுநருக்கு எதிரே டாஷ்போர்டு எனப்படும் முகப்புப் பலகையின் விளக்குகள் மங்கியும் பளிச்சிட்டும் துடிப்பதை அவர்களிற் பலர் கண்டிருப்பர். விளக்குத்தானே என்று விட்டுவிடுவோர் உண்டு. பாட்டரி போய்விட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு உடனே புதிது வாங்குவோரும் உண்டு. முன்னவரின் வண்டி ஒருநாள் சரக்கோடு நடுவழியில் நின்றுவிடக்கூடும். பின்னவர் வாங்கிய புதுப் பாட்டரியிலும் விளக்கு முன்போலவே துடிக்கும். ஏனெனில் குறை பெரும்பாலும் பாட்டரியில் இருப்பதில்லை.

காரிலும் சிறு வேனிலும் உள்ளது 12 வோல்ட் பாட்டரி. நல்ல நிலையில், எஞ்சின் ஓடாதபோது அது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெல்ட் வழியாகச் சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது. அப்பொழுது அளவு 13.8 முதல் 14.5 வரை உயரும். இந்த அளவு நிலையாக இராமலோ, விளக்கை வந்தடையும் வழியில் தடை ஏற்பட்டோதான் விளக்கு துடிக்கிறது.

ஆகவே, திருப்புளியைக் கையில் எடுக்குமுன் கண்ணால் ஆராய்தல் வேண்டும். முகப்பு விளக்குகள் மட்டும் துடிக்கின்றனவா, ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறதா? முகப்பு மட்டுமெனில், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு, பியூஸ், பலகையின் பின்புறத்து இணைப்பு ஆகியவற்றில் ஒன்று தளர்ந்திருக்கும். திருகைச் சிலமுறை இருபுறமும் திருப்பிப் பார்த்தாலே பல நேரங்களில் உண்மை விளங்கிவிடும். ஹெட்லைட்டும் துடித்தால் குறை பாட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் ஆகியவற்றின் பக்கம் உள்ளது. மேடு பள்ளங்களில் மட்டும் துடிப்பது தளர்ந்த இணைப்பின் அறிகுறி. (பழைய அம்பாசிடர் முதலிய டைனமோ வண்டிகளில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு மங்குவது இயல்பே, அதற்குச் செலவு செய்ய வேண்டுவதில்லை.)

முதலில் பாட்டரியின் முனைகளைக் காண்க. வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் எஞ்சினை நிறுத்தி, எர்த் முனையை முதலிற் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, பளபளக்கத் தேய்த்து, இறுக்கமாகப் பூட்டி, வாசலின் தடவுக. பூட்டும்போது எர்த் முனை கடைசியில் வரவேண்டும். பாட்டரியில் எரியக்கூடிய வாயு உண்டாதலால் பீடி, சுருட்டு அருகில் ஆகாது. கைமோதிரத்தையும் கழற்றி வைத்தல் நலம். எஞ்சின் ஓடும்போது முனையைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்றும் உள்ளது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. இக்காலத்து வண்டியில் அவ்வாறு செய்தால் விலையுயர்ந்த மின்னணுப் பகுதிகள் கெட்டுப்போகும்.

அடுத்தது எர்த் கம்பி. நாம் மிகுதியாக வற்புறுத்த விரும்புவது இதனையே. மின்சாரம் விளக்குக்குச் செல்லக் கம்பி உண்டு. திரும்பி வரும் வழியோ வண்டியின் இரும்பு உடலே. அந்த உடலையும் எஞ்சினையும் பாட்டரியோடு இணைக்கும் கம்பியின் நுனியில் துரு ஏறினால் விளக்குகள் அனைத்தும் அல்லற்படும். சைகை விளக்கு சிமிட்டுந்தோறும் முகப்பு விளக்கும் உடன் சிமிட்டினால் எர்த்தையே முதலில் ஐயுறுக. சோதிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். எஞ்சினை நிறுத்தி ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை வண்டியுடலின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைக்க. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை உள்ளது. பிறகு எஞ்சினை ஓட்டி, எஞ்சின் இரும்பில் வைத்தும் அவ்வாறே பார்க்க. தடையுள்ள இடத்தைக் கழற்றித் துரு நீங்கத் தேய்த்துப் பூட்டினால், பெரும்பாலும் காசுச் செலவின்றியே வேலை முடியும்.

எர்த் சரியாக இருந்தும் துடிப்பு நிற்கவில்லையெனில் எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட்டோடு பாட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பார்க்க. 13-க்குக் கீழே நின்றாலோ, எண் நிலைகொள்ளாமல் தாவினாலோ பெல்ட் தளர்ந்துள்ளதா என முதலிற் காண்க. கிறீச்சென்ற ஒலி அதனைக் காட்டிக்கொடுக்கும். பெல்ட் நன்றாயிருப்பின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், டயோடு பழுதாகியிருக்கலாம். 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். இவை பட்டறை வேலை. அளந்த எண்களைக் குறித்துக்கொண்டு சென்றால் தேவையற்ற பொருளை நம் தலையில் கட்ட முடியாது.

பியூஸ் அடிக்கடி போகிறதெனில் எங்கோ கம்பி உராய்ந்து உடலைத் தொடுகிறது. அதற்குப் பெரிய அளவுப் பியூஸ் போடுவதும், செப்புக்கம்பி சுற்றுவதும் கொடிய செயல். கம்பி பழுத்து உறை பற்றிக்கொள்ளும். பின்னால் இருப்பதோ பஞ்சும் நூலும்.

புது வண்டிகளின் முகப்பைக் கைப்பேசியின் கேமரா வழியே பார்த்தால் ஒளி துடிப்பதுபோல் தோன்றுவதுண்டு. அவ்விளக்குகள் மிக விரைவாக அணைந்து எரிவதால் நேர்வது அது. வெறுங்கண்ணுக்குத் தெரியாதவரை அது பழுதன்று.