உடலும் ஊரும் – 11: ஆறாம் மாதத்தில் நின்றுபோகும் முள்

எடை கூடிய ஆண்கள் இந்தியாவில் எங்கே அதிகம் என்று கேட்டால் பஞ்சாப் என்பார்கள், டெல்லி என்பார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தரும் விடை அந்தமான் நிக்கோபார் தீவுகள். 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் அங்கே 45 சதவீதம் பேருக்கு உடல் நிறை எண் 25 அல்லது அதற்கும் மேல். நாட்டுச் சராசரி 23 சதவீதம்தான். பெண்களில் தீவுக் கணக்கு 38, நாட்டுக் கணக்கு 24. கடலும் மீனும் தென்னையும் சூழ்ந்த ஊரில் இது எப்படி நடந்தது? பாதி ஆண்களுக்கு ஒரே நேரத்தில் மன உறுதி தளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சரக்குக் கப்பலைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். அரிசி, மைதா, சர்க்கரை, எண்ணெய், உருளைக்கிழங்கு, பிஸ்கட், நூடுல்ஸ் என்று சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கெடாமல் போய்ச் சேர்பவை எல்லாம் தொப்பைக்கு உரம். வழியில் வாடிப்போகும் காய்கறிதான் விலை கூடியது, கப்பல் தாமதமானால் இன்னும் கூடும். காடு திருத்திக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று அரசு அலுவலக நாற்காலியில் இருக்கிறார்கள், வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. நிக்கோபாரில் மாற்றம் இன்னும் வேகமாக வந்தது. தேங்காய், தாழம்பழம், மீன், பன்றி இறைச்சி என்றிருந்த இடத்தில், கொப்பரைக்கு மாற்றாக அரிசியும் சர்க்கரையும் முன்பே நுழைந்திருந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு அவை நிவாரணமாக மூட்டை மூட்டையாக வந்திறங்கின. போர்ட் பிளேரில் உள்ள (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் கார் நிக்கோபார் பற்றி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது.

எடை எப்படி ஏறுகிறது என்பதை முந்தைய வாரங்களில் பார்த்தோம். குறைக்கத் தொடங்கியவர் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார் என்பது இந்த வாரக் கேள்வி. ‘பொறுமை வேண்டும்’ என்று டாக்டர் சொல்கிறார், ஜிம் மாஸ்டர் சொல்கிறார், எடையே குறைத்திராத மாமாவும் சொல்கிறார். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தவறான கால அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, ரயில் வரவில்லையே என்று திரும்பி வந்தவரிடம் ‘உனக்குப் பொறுமை போதாது’ என்று சொல்வதுதான் இதுவரை நடந்து வருகிறது.

அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958-இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது, ஆகவே அவ்வளவு கலோரியைக் குறைத்தால் ஒரு கிலோ குறையும். நாளொன்றுக்கு 240 கலோரி குறைத்தால் இந்தக் கணக்குப்படி ஓராண்டில் 11 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு 11. இப்படியே போனால் சில ஆண்டுகளில் ஆளே மிஞ்சமாட்டார் என்பதை யோசித்திருந்தாலே இதில் கோளாறு இருப்பது தெரிந்திருக்கும். எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, அதை இந்தக் கணக்கு விட்டுவிட்டது. அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் சகாக்களும் 2011-இல் லான்செட் இதழில் இதைத் திருத்தினார்கள். அன்றாடம் 24 கலோரி நிரந்தரமாகக் குறைந்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஓராண்டு ஆகும், ஏறக்குறைய முழுதும் குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதே 240 கலோரிக்கு முதல் ஆண்டில் ஐந்து கிலோ, மூன்றாண்டு முடிவில் பத்து. சமையலறைக் கணக்கில் இது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. நாளுக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 120 கலோரி. தாளிக்கவும் வதக்கவும் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் மீதி 120 வந்துவிடும். ஆனால் இதைச் செய்துவிட்டு நாற்பத்தெட்டு நாளில் பேன்ட் தொளதொளக்கும் என்று காத்திருப்பவருக்கு ஏமாற்றம் நிச்சயம். ஒரு மண்டலத்தில் அவருக்கு ஒரு கிலோ குறைந்திருக்கலாம். தண்ணீரும் உப்பும் சேர்ந்து எடையை ஒரு கிலோ மேலும் கீழும் அன்றாடம் ஆட்டுவதால், அந்த ஒரு கிலோவும் முள்ளில் தெரியாமல் போகலாம்.

நடைமுறையில் இன்னொரு சிக்கல். பெரும்பாலோருக்கு முதல் சில மாதம் எடை நன்றாக இறங்கும், பிறகு ஆறேழு மாதத்தில் முள் நின்றுவிடும். ‘அதே சாப்பாடுதான் சாப்பிடுகிறேன், அதே நடைதான் நடக்கிறேன், குறைய மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல் அப்போது ஆரம்பிக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஹால் குழுவினரே 2016-இல் அளந்து காட்டியது இது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிப்பது நாளொன்றுக்கு இருபது முப்பது கலோரி குறைகிறது, பசியோ சுமார் நூறு கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஆறு கிலோ இறங்கியவருக்குள் அறுநூறு கலோரி அளவுக்குப் பசி இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் மாதத்தில் எளிதாக மறுத்த இரண்டாம் முறைச் சோறு ஆறாம் மாதத்தில் அரைக் கரண்டியாகத் திரும்பி வருகிறது, வடை பாதியாக வருகிறது, சாப்பிடுகிறவருக்கே கணக்கு தெரிவதில்லை. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே முள் நின்றுவிட்ட இடத்தில் ஒருவர் சும்மா நிற்பதாக நினைப்பது தவறு. எதிர்நீச்சல் போட்டு நிற்கிறார். ஏறாமல் இருப்பதே அந்தக் கட்டத்தில் உழைப்பின் பலன். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் விட்டுவிட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும், வேகமாகக் குறைத்தால் திரும்பிவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அதே மெல்போர்னில் 204 பேரை வைத்து இதைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு வாரக் கடும் திட்டம், மற்றதற்கு முப்பத்தாறு வார மிதமான திட்டம். உடல் எடையில் எட்டில் ஒரு பங்கைக் குறைக்கும் இலக்கை வேகக் குழுவில் 81 சதவீதம் பேர் எட்டினார்கள், நிதானக் குழுவில் 50 சதவீதம் பேர்தான். அடுத்த மூன்றாண்டு முடிவில் இரண்டு குழுவினருக்கும் இழந்த எடையில் ஏறத்தாழ 71 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. நிதானத்தின் பெருமை பாடுகிறவர்களுக்கு இது கசப்பான செய்திதான், மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆமை ஜெயிக்கவும் இல்லை, முயல் தோற்கவும் இல்லை. இறங்கும் வேகத்தை வைத்துப் பின்னால் நடக்கப்போவதைக் கணிக்க முடியாது என்றுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். பொறுமை தேவைப்படும் இடம் இறங்கிய பிறகு வரும் ஆண்டுகள். பத்திய உணவும் சபதமும் முதல் மூன்று மாதத்துக்குப் போதும். நான்காம் ஆண்டில் தினமும் செய்யச் சலிக்காத ஏற்பாடு எது என்பதை முதலிலேயே யோசித்துத் தேர்ந்தவர் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

‘எப்படியும் முக்கால்வாசி திரும்பி வரும் என்றால் எதற்கு இந்தப் பாடு?’ என்று அடுத்து கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், தொடர் ஆலோசனையோ மாத்திரையோ பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டில் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது 39 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதேதான். வியப்பு என்னவென்றால், வாழ்க்கை முறையை மாற்றியவர்களின் எடையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. முள் அசையவே இல்லை, நோய் தள்ளிப்போனது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த இதே வகை ஆய்வில், பத்தாண்டு கழித்து எடையின் பெரும்பகுதி திரும்பி வந்த பிறகும் நீரிழிவு வருவது மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தது. எடை மெஷின் நல்ல கருவிதான், வாரம் ஒருமுறை ஏறிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பலனில் ஒரு பகுதியைத்தான் அதற்குக் காட்டத் தெரியும். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், நாடாவால் அளந்த இடுப்புச் சுற்றளவு (நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை), மாடி ஏறினால் வாங்கும் மூச்சு, இவற்றையும் நோட்டில் குறிப்பவருக்கு முள் நின்றுபோன மாதத்திலும் எழுத ஏதாவது இருக்கும்.

தீவுக்காரர்கள் என்னை இந்த இடத்தில் மடக்கலாம். ‘கப்பல் வந்தால்தான் காய், ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை, மாலை ஆபீஸ் விட்டு வந்தால் இருட்டு. இதில் எங்கே நடக்க, எதைச் சாப்பிட?’ இது சாக்கு இல்லை, நிஜம். போர்ட் பிளேரில் டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். கோடையில்கூட ஆறு மணிவரை சூரியன் தாக்குப்பிடிக்காது. நிலப்பரப்பின் கடிகாரத்தைத் தீவின் கையில் கட்டியதால் வந்த வினை. சென்னையில் எழுதப்படும் ‘மாலை ஆறு மணிக்கு நடை’ என்ற யோசனை அங்கே செல்லாது. ஆனால் அதே கடிகாரத்தால் காலை ஐந்து, ஐந்தேமுக்காலுக்குள் பளிச்சென்று விடிந்துவிடுகிறது, ஆபீஸ் நேரத்துக்கு முன் மூன்று மணி நேரப் பகல் கையில் கிடைக்கிறது. மெரினா பார்க்கிலும் கார்பின்ஸ் கோவ் போகும் கடலோரச் சாலையிலும் அந்த நேரம்தான் நடைக்கு வசதி. மீன் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஜங்லிகாட் சந்தைக்கு வந்துவிடும். வறுவலைக் குழம்பாக மாற்றினாலே ஒரு கரண்டி எண்ணெய் மிச்சம். காய்கறிக்குப் பேர்போன நீல் தீவு பக்கத்தில்தான் இருக்கிறது. கொல்லையில் பசலையும் பர்மா தனியாவும் மழைக்குத் தானாகவே மண்டும். இவ்வளவும் சொன்ன பிறகும், ஆட்சேபத்தின் மையம் சரியானது என்றே நினைக்கிறேன். ஊர் ஏற்றிய எடையைத் தனியாள் மட்டுமே சுமந்து இறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையில்லை. மழைக்காலத்தில் நடக்கக் கூரை போட்ட இடம், கப்பலில் காய்கறிக்குக் குளிர்பதன இடம், ரேஷனில் பருப்புக்கு முன்னுரிமை என்று நிர்வாகம் செய்ய வேண்டியவை உண்டு. தனியாளின் பொறுமை இவற்றுக்கு ஈடாகாது.

எடை குறைக்க ஊசி இருக்கிறதே என்பவர்களும் இப்போது உண்டு. 2025 மார்ச்சில் டிர்செபடைட் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. பருமனால் மூட்டும் இதயமும் கெட்டவருக்கு மருத்துவர் பரிந்துரைத்தால் அதை ஏளனம் செய்யக் கூடாது, அது உண்மையான மருந்து. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த செமாக்ளுடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டிலேயே திரும்பியது. பசி பழைய பலத்தோடு காத்துக்கொண்டிருந்தது என்று பொருள். ஊசியும் நீண்ட காலக் கணக்குதான், மாதாமாதம் செலவோடு.

அப்படியானால் அந்த நீண்ட காலத்தை எதைப் பிடித்துக்கொண்டு கடப்பது? வென்ற ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவற்றில் பங்கேற்றவர்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகள் இல்லை, யாரோ அவர்களை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க ஆய்வில் முதல் ஆறு மாதத்தில் பதினாறு சந்திப்புகள், பிறகு மாதந்தோறும் தொடர்பு. நம்முடைய ராமச்சந்திரன் ஆய்வில் மாதந்தோறும் ஒரு போன். அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அதையும் எளிதாக்கியது. சர்க்கரை நோய் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிக்குச் செல்போனில் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. நடந்தீர்களா, எண்ணெயைக் குறையுங்கள், அந்த வகைதான். இரண்டாண்டில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. தீவுகளின் தென்கோடியில், கேம்ப்பெல் பேயில் இருப்பவரை மாதம் ஒருமுறை போர்ட் பிளேருக்குக் கப்பலேறி வந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னால் அவர் வரமாட்டார், வர முடியாது. ஆனால் சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டிலேயே தீவுகளை எட்டிவிட்டது. கார் நிக்கோபாரும் கமோர்ட்டாவும் கேம்ப்பெல் பேயும் அதில் உண்டு. முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார மையங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள், போன் நம்பரும் அங்கேயே கொடுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலுக்கு, தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் நிக்கோபாரியிலும், மூன்று ஆண்டுகளுக்கு வாரம் இரண்டு செய்தி அனுப்ப ஒரு சிறிய அலுவலகமும் இரண்டு செவிலியரும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

(தொடரும்)