கொறங்காட்டு வெள்வேல்

காங்கேயம் காளையின் திமிலையும் கொம்பையும் தெரிந்தவர்கள் ஏராளம். அது மேயும் காட்டில் நிற்கும் வெள்வேல் மரத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

வேலில் இனம் பல. கருவேலின் பட்டை கருத்து வெடித்திருக்கும். காய் மணி மணியாக இடுங்கியிருக்கும். பூ நல்ல மஞ்சள். வெள்வேலுக்கு வெளிறிய பட்டை, இடுக்கில்லாத தட்டைக் காய், கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக வெளிர்மஞ்சள் பூ. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேல் இரண்டுக்கும் அந்நியம். வெள்வேல் இந்த மண்ணின் மரம்.

காங்கேயம், தாராபுரம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் காற்றுதான் அடிக்கும். மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். செம்மண்ணை ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல். ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே பிழைத்துக்கொள்ளும் வெள்வேலுக்கு இந்த நிலம் போதும். நல்ல வெயில் மட்டும் வேண்டும்.

கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மூன்று அடுக்கு: தரையில் கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல். இலை மிகப் பொடிசு என்பதால் நிழல் கனமாக விழாது; மரத்தடியிலும் புல் வளரும், மாடும் மத்தியானம் ஒதுங்கும்.

கோடையில் புல் தீர்ந்தபின் உதிரும் நெற்றுகளை ஆடுகள் தேடித் தின்னும். ஆனால் இளங்காயிலும் கொழுந்திலும் சயனைடு நஞ்சுக்கு மூலமான பொருள் உண்டு. பசியோடு வரும் ஆடு பச்சைக்காயை அளவுக்கு மீறித் தின்றால் மூச்சுத் திணறிச் சாகலாம்; உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். காயை உலுக்கிப் போடாமல், நெற்றாகி உதிர விடுவதே நல்லது.

விதையின் தோல் கெட்டி. கொதிநீரில் சற்று முக்கி எடுத்து, ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த விதையும் நன்றாக முளைக்கும். விதையைப் பரப்பும் அதே ஆடுதான் கன்றையும் கடிக்கும். அதனால் கன்று ஆட்டுக்கு எட்டாத உயரம் போகும்வரை காட்டின் அந்தப் பகுதியைப் படல் போட்டு அடைத்து வைக்க வேண்டும். வறட்சியை மரமே பார்த்துக்கொள்ளும். வேலியை நாம்தான் பார்க்க வேண்டும்.