உள்ளே சிக்கிய மரையைக் கழற்றுவது எப்படி?



நம்ம சமயநல்லூர் பக்கம் நிறைய பேர் வீட்டில் தோட்டம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அரை ஏக்கரில் கீரையும் கொத்தமல்லியும் போடுகிறோம். தண்ணீர் பாய்ச்ச ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்கிறோம். அதைத் தெளிப்பு நீர்ப் பாசனம் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனம் போட 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் தருகிறார்கள். ஆனால் அது உடைந்தால் என்ன செய்வது என்று நாமதான் கத்துக்கணும். அதைத்தான் நான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

ஒரு நாள் எங்க பசு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பாத்திக்குள் வந்து ஒரு ஸ்பிரிங்க்ளரை இடித்து விட்டது. தலை மட்டும் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மரை உள்ள துண்டு குழாயின் சாக்கெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. மோட்டார் போட்டால் அந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மற்ற ஸ்பிரிங்க்ளர்கள் சுற்றவே இல்லை. ஏனென்றால் அழுத்தம் எல்லாம் அந்த ஓட்டையிலேயே போய்விட்டது.

அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு சுத்தியலால் ஓங்கி அடித்தான். துண்டு வரவில்லை, சாக்கெட்டே வெடித்துவிட்டது. அப்புறம் மண்ணைத் தோண்டி, குழாயை அறுத்து, புது சாக்கெட் ஒட்டி, அது காய ஒரு நாள் விட்டோம். மும்முனைக் கரண்ட் வரும் நேரமும் வீணாப் போச்சு. முளைத்து நாலு நாளான கீரை ஒரு பாத்தி முழுக்க வாடிவிட்டது. "ஒரு சின்னத் துண்டுக்கு ஒரு பாத்தியே போச்சேத்தா" என்று அப்பத்தா வருத்தப்பட்டார்கள்.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் அதே மாதிரி உடைந்தது. இந்தத் தடவை அம்மா அடிக்க விடவில்லை. பட்டறை மாமாவிடம் போய்க் கேட்டோம். அவர் ஒரு சாவி செய்து தந்தார். பத்து நிமிஷத்தில் துண்டு வெளியே வந்துவிட்டது.

துண்டு ஏன் சிக்குகிறது?

1. மாட்டும்போது ரொம்ப இறுக்கிவிடுகிறோம்.
2. போர் தண்ணீரில் உள்ள உப்பு மரை இடுக்கில் படிந்து இறுகுகிறது.
3. வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகி, லேசாக இடித்தாலே ஒடிகிறது.

சாவி செய்யும் முறை

தேவையானவை: 15 செ.மீ. நீள இரும்புப் பட்டை (1 அங்குல அகலம், 5 மி.மீ. கனம்), 30 செ.மீ. நீளக் கம்பி ஒன்று, அரம். பழைய இரும்புக் கடையிலேயே இவை கிடைக்கும்.

1. சிக்கிய துண்டின் ஓட்டையை அளவுகோலால் அளக்கவும். முக்கால் அங்குல மரையில் ஓட்டை சுமார் 2 செ.மீ. இருக்கும்.
2. பட்டையின் ஒரு முனையை ஆப்பு மாதிரி சரிவாகத் தேய்க்கவும். நுனி ஓட்டையை விடச் சின்னதாகவும், மேலே போகப்போக ஓட்டையை விடப் பெரியதாகவும் இருக்க வேண்டும்.
3. இரண்டு ஓரங்களையும் அரத்தால் கூர்மையாக்கவும். இந்த ஓரம்தான் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கும்.
4. மறுமுனையில் கம்பியைக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் 15 செ.மீ. இருக்குமாறு வெல்டிங் வைக்கச் சொல்லவும். வெல்டிங்கை நாம் செய்யக் கூடாது, வெறுங்கண்ணால் பார்க்கவும் கூடாது.

கழற்றும் முறை

முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும். சாக்கெட்டைச் சுற்றி உள்ள மண்ணை நீக்கி, ஓட்டைக்குள் மண் விழாமல் துடைக்க வேண்டும். சாக்கெட்டின் வெளிப்பக்கம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம். வெளியே உள்ளது முதலில் சூடாகி லேசாக விரியும்.

பிறகு சாவியை ஓட்டையில் வைத்து மெதுவாக இரண்டு மூன்று தட்டுத்தான் தட்ட வேண்டும். இன்னொருத்தர் பைப் ரெஞ்சால் சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கீழே உள்ள குழாய் முறுக்கிக்கொள்ளும். இப்போது இடஞ்சுழியாகத் திருப்பினால் துண்டு சாவியோடு சேர்ந்து வரும்.

புதுசு மாட்டும்போது மரையில் வெள்ளை டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றி, கையால் மட்டும் இறுக்கினால் போதும். அடுத்த தடவை சிக்காது.

இதில் உள்ள அறிவியல்

இந்தச் சாவிக்குள் இரண்டு எளிய இயந்திரங்கள் இருக்கின்றன. நுனி ஒரு ஆப்பு, கைப்பிடி ஒரு நெம்புகோல். கழற்றப்படும் மரை மூன்றாவது எளிய இயந்திரமாகிய திருகு.

திருப்புத்திறன் = விசை × தூரம். ஸ்க்ரூ டிரைவர் பிடியின் ஆரம் 1.5 செ.மீ. என்றால், 50 நியூட்டன் விசைக்குக் கிடைப்பது 50 × 0.015 = 0.75 நியூட்டன் மீட்டர். நமது சாவியில் தூரம் 15 செ.மீ. அதே விசைக்கு 50 × 0.15 = 7.5 நியூட்டன் மீட்டர். பத்து மடங்கு! அதனால்தான் என்னாலேயே திருப்ப முடிந்தது.

அண்ணன் அடித்தபோது ஏன் வெடித்தது? ஆப்பு அதிகமாக இறங்கினால் துண்டு விரிந்து சாக்கெட்டைத் தள்ளும். உராய்வு கூடி இன்னும் இறுகும், கடைசியில் வெடிக்கும். ஆகவே ஆப்பு கடிக்கிற அளவு இறங்கினால் போதும், மீதி வேலையை நெம்புகோல் பார்த்துக்கொள்ளும்.

எச்சரிக்கை: சிலர் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே சொருகுவார்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வரும். அதைச் செய்யாதீர்கள்.

தெரிந்துகொள்வோம்

பெரிய வயல்களில் டக் டக் என்று அடித்துக்கொண்டே சுற்றும் ஸ்பிரிங்க்ளரை 1933-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட். அவர் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்கள் வளர்த்த ஒரு விவசாயி!

நம் மதுரையிலும் சேவா என்ற அமைப்பு, கிராம மக்களின் கண்டுபிடிப்புகளைத் திரட்டி 'நம் வழி வேளாண்மை' என்ற இதழில் வெளியிட்டிருக்கிறது. 2000-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசியப் புத்தாக்க நிறுவனம், அப்துல் கலாம் பெயரில் பள்ளிப் பிள்ளைகளின் யோசனைகளுக்கு விருது கொடுத்திருக்கிறது.

ஆகவே தோழிகளே, தோழர்களே! ஒரு பொருள் உடைந்தால் உடனே ஓங்கி அடிக்காமல், அது ஏன் சிக்கியது என்று முதலில் பாருங்கள். எங்கள் சாவி வீட்டு வாசல் ஆணியில்தான் தொங்குகிறது. யாருக்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போகலாம். திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும்!



— 9-ஆம் வகுப்பு மாணவி