முப்பதாயிரம் பிராங்குக் கையெழுத்து
கால் போன திசை – 7

சென்ற வாரம் உங்களைக் கொழும்பு விசா நிலைய வரிசையில் நிறுத்திவிட்டுப் போனேன். அந்த வரிசையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய நடனக் குழுக்கள் ஆள் தெரிவதற்குப் பெரும்பாலும் முதலில் காணொளிதான் கேட்கும். பிடித்திருந்தால் நேர்த்தேர்வுக்கு அழைப்பு வரும். எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் தேர்வுக்கு இரண்டு, மூன்று கிழமைக்கு முன்னர் வந்தவை. செங்கன் விசா விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு விதிப்படி 15 நாள். சந்தேகம் வந்தால் 45 நாள்வரை இழுக்கலாம். அதற்கு முன் விண்ணப்பம் கொடுக்க ஒரு நாள் கிடைக்கவேண்டும். வேலணையிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போகவேண்டும். பெர்லினில் இருக்கிற பிள்ளை தேர்வன்று காலை றெயினில் ஏறினால் போதும். அழைப்பு கிடைத்த பிறகு நான் விசாவுக்கு ஓடினால், விசா கைக்கு வரும்போது தேர்வுக் கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டியிருப்பார்கள்.

ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கிற வழி ஒன்றுதான். முதலில் விசா, பிறகு தேர்வு. யாராவது உறவினர் கூப்பிடவேண்டும். போய் இறங்கியதும் கையிலிருக்கும் நாட்களுக்குள், அதிகம் போனால் 90 நாட்களுக்குள், அகப்பட்ட எல்லாக் கூடங்களிலும் ஏறி இறங்கவேண்டும்.

என்னைக் கூப்பிட்டவர் சுவிஸில் இருக்கும் சித்தப்பா. குமுதினிப் படகுக் கொலைகள் நடந்த 1985இல் வேலணையை விட்டுப் போனவர். முப்பது வருடத்துக்கு மேல் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்படிக்கு வந்தவர். விருந்தாளியின் செலவுக்கு உத்தரவாதம் வேண்டுமென்றால் சுவிஸ் அதிகாரிகள் கூப்பிடுபவரிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வருகிறவருக்கு நோய் வந்தாலும், திருப்பி அனுப்ப நேர்ந்தாலும், 30,000 பிராங்குவரை அவர் பொறுப்பு. சித்தப்பா என்னைக் கடைசியாக நேரில் கண்டபோது எனக்கு ஒன்பது வயது.

“வாசிச்சுக் காட்டிச்சினம் பிள்ளை. கையெழுத்து வைச்சன்” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அவருடைய வீடு நான்காம் மாடி. இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது; பகலிலும் கீழ்வீட்டுக்காரருக்குத் தலைக்குமேல் பரதநாட்டியத் தட்டடவு போட முடியுமா? சித்திதான் வழி கண்டுபிடித்தார். நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. எங்கள் முறை வியாழக்கிழமை. மெஷின் சுற்றத் தொடங்கினால் என் கால்தட்டு அதற்குள் அடங்கிவிடும். சீமெந்துத் தரை. கையை உயர்த்தினால் தண்ணீர்க் குழாயில் முட்டும். உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலே பழகினேன்.

பாலேயில் முழங்காலை மடக்குவதற்குப் பிளியே என்று பெயர். பார்வைக்கு எங்கள் அரைமண்டிதான். அதே மாதிரி பாதம் வெளியே திரும்பியிருக்கும், முழங்கால் பக்கத்துக்கு விரியும். ஆனால் அரைமண்டியில் நாங்கள் குடியிருப்போம். பிளியேயில் அவர்கள் வந்து போவார்கள். மடங்குவதே எழும்புவதற்காக. பன்னிரண்டு வருடம் இருந்து பழகிய தொடைக்கு ‘எழும்பு, எழும்பு’ என்று சொல்லிக்கொடுப்பது இலேசான வேலையில்லை.

முதல் தேர்வு சுவிஸிலேயே ஒரு நகரத்தில். 43 என்று எழுதிய துணியை நாலு ஊசியால் நெஞ்சில் குத்திக்கொண்டேன். முதலில் பாலே வகுப்பு. கம்பியைப் பிடித்துச் செய்யும் பகுதி முடிந்ததும் இருக்கவேண்டியவர்களின் இலக்கங்களை வாசித்தார்கள். 41 என்றார்கள், பிறகு 46 என்றார்கள். நான் கூடத்துக்குள் போய் நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தக் குழுவின் ஆட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் மருந்துக்கும் பாலே கிடையாது. நிலத்தில் உருளுவார்கள், ஓடுவார்கள், வெறுங்காலில் நிற்பார்கள். தன் ஆட்டத்தில் இல்லாத ஒன்றை அரிதட்டாகப் பிடித்து ஆளை அரிப்பது எனக்கு இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் வூப்பெற்றால் நகரில் 1973இல் நடனக் குழுவைப் பொறுப்பேற்ற பினா பௌஷ், 1975இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தப் பலி’ இசைக்கு ஓர் ஆட்டம் அமைத்தார். மேடை முழுக்க மண் கொட்டியிருக்கும். ஆடுகிறவர்களின் வியர்வையில் அந்த மண் ஒட்டி, வெள்ளை உடுப்பெல்லாம் சேறாகும். அதைக் காணொளியில் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நயினாதீவுதான் நினைவுக்கு வந்தது. எட்டு வயதில், ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறிப்போய், அம்மன் கோயில் வீதி மணலில் ஆடியிருக்கிறேன். சதங்கைக்குள் மணல் புகுந்து சத்தம் மங்கிப்போனதற்காக அழுதேன்.

பினா 2009இல் காலமானார். பத்து வருடம் கழித்து அதே ஆட்டத்தை ஆப்பிரிக்க ஆட்டக்காரரைக்கொண்டு மேடையேற்ற நினைத்தபோது, அவர்களை ஐரோப்பாவுக்கு வந்து இலக்கம் குத்திக்கொள்ளச் சொல்லவில்லை. செனகல், ஐவரி கோஸ்ட், புர்கினா பாசோ என்று அவர்கள் பக்கத்துக்கே தேர்வைக் கொண்டுபோனார்கள். 14 நாடுகளின் ஆட்டக்காரர் அதில் சேர்ந்தார்கள். செனகலின் கடற்கரை மணலில் அதை ஆடிப் படமும் பிடித்தார்கள். அப்படியொரு தேர்வு யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை வந்தால், ஊர்காவற்றுறையிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் வந்து நிற்பார்கள் தெரியுமா? யாரும் யாருக்காகவும் முப்பதாயிரத்துக்குக் கையெழுத்து வைக்கவேண்டியிராது.

தோற்று வந்த அன்றிரவு சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. சித்தி புட்டும் மீன்குழம்பும் வைத்தார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சித்தப்பா வாயைத் திறந்தார்.

“அடுத்தது எங்கை?”

“எசன், சித்தப்பா. ஜேர்மனி. வாற செவ்வாய்க்கிழமை. அங்கையிருந்து வூப்பெற்றால் கிட்ட. அதையும் ஒருக்காப் பாக்கவேணும்.”

“எங்கை தங்கப்போறாய்?”

நான் பதில் சொல்லுமுன் அவர் போனை எடுத்துவிட்டார். முதல் அழைப்புக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் பேசியவர் வேறொரு இலக்கம் கொடுத்தார். மூன்றாவதில் சித்தப்பாவின் குரல் மாறியது. ஹம் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவில் கண்ட பழக்கமாம். சுகம் விசாரித்தார், யாரோ செத்த கதை கேட்டார், என் வயதைச் சொன்னார், நான் மீன் சாப்பிடுவேன் என்றும் சொன்னார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நெடுந்தீவு ஆக்கள். டோட்முண்டிலை இருக்கினம். எத்தினை மணிக்கு றெயின் வருமெண்டு கேக்கினம்.”