கரியில் வேகும் கறிக்கு உப்பும் மிளகும் போதும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கறிக்கடை வாசலில் கூட்டம் நெருக்குகிறது. அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கினால், கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தில் பெரும் பகுதி போய்விடுகிறது. அப்படி வாங்கி வந்த கறி, பல்லில் கடிபடாத தோலாகப் போனால் வயிறு எரியாதா?

மும்பைத் தமிழர் வீடுகளில் இப்போது குழம்போடு நிறுத்துவதில்லை. சிகிடியில் கரியைப் போட்டு, கம்பியில் கறியைக் கோத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். ரம்ஜான் மாதத்தில் முகமது அலி ரோட்டில் இரவெல்லாம் வீசும் கபாப் மணம் செய்த வேலை அது! ஆசை நியாயமானதுதான். ஆனால் மசாலாப் பொட்டலங்களைக் கொட்டி, போதாதென்று மிளகாய்த்தூளையும் அள்ளிப் பூசி நெருப்பில் வைக்கிறார்கள். தூள் கருகுகிறது, கறி வேகவில்லை. நெடியில் சால் முழுவதும் தும்முகிறது.

பாட்டி செய்த கபாப்

நம் ஊரில் ஆட்டுச் சுவரொட்டியை நெருப்பில் வாட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, பிள்ளை பெற்ற பெண்களுக்கும் சோகை பிடித்தவர்களுக்கும் கொடுப்பது வழக்கம். கபாப் என்ற பெயரைக் கேட்காத பாட்டிமார் செய்த பதார்த்தம் அது. அதே முறை கறிக்கும் பொருந்தும்.

முதலில் கறியைப் பார்த்து வாங்க வேண்டும். சுடுவதற்கு இளம் ஆட்டின் விலா எலும்புக் கறி (கடைக்காரரிடம் 'சாப்' என்று கேட்க வேண்டும்), தொடைக்கறி, ஈரல் ஆகியவை ஏற்றவை. முற்றல் கறிக்குக் குக்கர்தான் வழி. எந்த மசாலாவும் அதை நெருப்பில் மெதுவாக்கிவிடாது.

உப்பில்தான் சூட்சுமம்

ஒரு கிலோ கறிக்குத் தூள் உப்பு, தலை தட்டி இரண்டரைத் தேக்கரண்டி போதும். அதைச் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடவிவிட வேண்டும். உப்பு முதலில் கறியிலிருந்து தண்ணீரை இழுக்கும். அந்தத் தண்ணீரிலேயே கரைந்து, மெல்ல மெல்லக் கறிக்குள் திரும்பிப் போகும். உப்புத் தடவிப் பத்து நிமிடத்தில் நெருப்பில் வைத்தால், மேலே நிற்கும் ஈரம் கறியைச் சிவக்க விடாது. நேரம் இல்லையா? கம்பியை நெருப்பில் வைக்கும் நொடியில் உப்பைத் தூவலாம். இரண்டுக்கும் நடுவில்தான் தொல்லை. ஈரலுக்கு மட்டும் உப்பு கடைசியில்.

மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட வேண்டும். பூண்டை நசுக்கிச் சாறு மட்டும் பிழிந்து தடவினால் நல்லது. சக்கை ஒட்டினால் கருகிக் கசக்கும். ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு கரண்டி நல்லெண்ணெய். அவ்வளவுதான்.

எலுமிச்சம்பழத்தை முதலிலேயே பிழிந்து இரவெல்லாம் ஊற வைக்கிறார்கள் சிலர். புளிப்பில் கறியின் மேல்பகுதி வெளுத்து வறண்டுவிடும். இலையில் வைக்கும்போது பிழிவதே சரி. பப்பாளிக்காய் விழுதும் அப்படித்தான்: கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம். கூடினால் கறி கூழாகிவிடும்.

நெருப்பு

கரி கொழுந்துவிட்டு எரியும்போது சுடக் கூடாது. மேலே சாம்பல் பூத்து, உள்ளே சிவந்து கனலும்போதுதான் பக்குவம். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால், கம்பியை ஓரமாக நகர்த்தினால் போதும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். கோழியானால் எலும்போரம் சிவப்பு தெரியாத வரை வேக வேண்டும். பழைய சைக்கிள் கம்பியில் கோப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், பல கம்பிகளில் துத்தநாகப் பூச்சு உண்டு. கபாப் கம்பி தனியாகவே விற்கிறது.

கதவை மூடாதீர்கள்!

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பத்துக்குப் பத்து அறையில், மழைக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு கரி மூட்டக் கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை கனக்கும், தூக்கம் வரும். அதோடு எழுந்திருக்காமல் போனவர்கள் உண்டு. வடமாநிலங்களில் குளிர்காலத்தில் கணப்புச் சட்டியை உள்ளே வைத்துத் தூங்கிச் செத்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வருகிறதே, காரணம் இந்த வாயுதான். புகை இல்லை, கனல்தானே என்று உள்ளே தூக்கி வைப்பதும் அதே ஆபத்து.

மொட்டை மாடியோ, வெட்டவெளியோதான் இதற்கு இடம். பக்கத்து வீட்டில் சைவக்காரர் இருந்தால் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சண்டை மிச்சம்.

சுட்ட கறியை ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, நறுக்கிய வெங்காயத்தோடு பரிமாறலாம். சோறு வேண்டாம் என்றால் மூலைக் கடைப் பாவ் இருக்கிறது. மிச்சக் கரியை அங்கேயே தண்ணீர் ஊற்றி அணைத்து, வெயிலில் காய வைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆகும்.